அலையே இல்லாத கடல், ஆனால் ஆபத்து அதிகம்: வடசென்னையில் தரைக்காற்று வீசும் நாளில் என்ன நடக்கிறது?

சென்னையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்கலாம்: "கடல் காற்று இன்னிக்கு லேட்டு." மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக வீசுவதால் கடல் காற்று ஊருக்குள் நுழைய முடியவில்லை, அதனால்தான் இந்தப் புழுக்கம் என்று வானிலை ஆய்வாளர்கள் விளக்குவார்கள்.

வெயில் பற்றிய செய்தி அத்துடன் முடிந்துவிடும். ஆனால் அதே தரைக்காற்று கடலில் என்ன செய்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரைகளில் நின்று பார்த்தால் அன்றைக்குக் கடல் அமைதியாக, கிட்டத்தட்ட ஏரி மாதிரி தெரியும். வெயில் தாங்காமல் கூட்டம் கடற்கரைக்கு வருவதும் அதே நாளில்தான்.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலை மேல் பலகையில் பாயும் கைட்சர்ஃபிங் விளையாட்டில் இப்படிப்பட்ட காற்றுக்குத் தனி எச்சரிக்கையே உண்டு. மீட்புப் படகு இல்லாமல் இந்தக் காற்றில் கடலில் இறங்காதே என்பது முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் பாடம். அந்தப் பாடம் கைட்சர்ஃபிங் செய்பவர்களுக்கு மட்டுமானதல்ல. காற்றடைத்த டியூபில் மிதக்கும் சிறுவன், தெர்மாகோல் துண்டைப் பிடித்து நீந்துபவர், எஞ்சின் நின்றுபோன ஃபைபர் படகில் இருக்கும் மீனவர் என எல்லோருக்கும் பொருந்தும். ஏன் என்று பார்க்கலாம்.

தரைக்காற்று என்றால் எந்தப் பக்கம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரை வைப்பார்கள். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது என்று பொருள். கடல் நீரோட்டத்துக்கு இது தலைகீழ். அது எங்கே போகிறதோ அந்தத் திசையில் பெயர் சொல்வார்கள்.

சென்னைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே இங்கே மேற்குக் காற்று என்றாலே நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்றுதான். தமிழகக் கடலோரத்தில் பல ஊர்களில் இதைக் கச்சான் என்பார்கள். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் இதற்கு நேர் எதிர், கடலில் இருப்பதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வடக்கிலிருந்து வருவது வாடை.

கரையிலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து கரைக்கு, கரையை ஒட்டிப் பக்கவாட்டில் என்று காற்றின் திசையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும். கைட்சர்ஃபிங்குக்கு உகந்தது மூன்றாவது வகை, அதிலும் சற்றே கரைப்பக்கம் சாய்ந்து வீசும் காற்று. அதில் தவறி விழுந்தாலும் காற்று ஆளைக் கொஞ்சம் தள்ளிக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முதல் வகையில் அந்த வாய்ப்பே இல்லை. கரையை விட்டு விலகும் ஒவ்வொரு நிமிடமும் திரும்பிவரும் தூரம் கூடிக்கொண்டே போகும்.

சென்னைக் கடலின் டைம்டேபிள்

தரைக்காற்று எப்போதுமே எதிரி என்று சொல்லிவிட முடியாது. எஞ்சின் வருவதற்கு முந்தைய காலத்தில் சென்னைக் கரையோர மீனவர்களின் தொழிலே இந்தக் காற்றை நம்பித்தான் ஓடியது. விடியற்காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துக் கட்டுமரம் கடலுக்குப் போகும். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்ததும் அதே பாயில் கரை திரும்பும். போக ஒரு காற்று, வர ஒரு காற்று.

இதற்குக் காரணம் எளிமையானது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று திசை மாறுகிறது.

பிரச்சினை ஆரம்பிப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மேல் மேற்கு, தென்மேற்குக் காற்றே ஆதிக்கம் செலுத்துகிறது. அது வலுவாக இருக்கும் நாட்களில் கடல் காற்று மதியம் தாண்டியும் வராது. சில நாட்களில் வரவே வராது. அதாவது போகிற காற்று உண்டு, திரும்பக் கொண்டுவரும் காற்று இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. இரண்டு மாதம் கரையில் நின்ற படகுகள் ஜூன் 15 முதல் கடலுக்குப் புறப்படும்போது, இந்த மேற்குக் காற்றின் சீசனும் தொடங்கியிருக்கும்.

"அலையே இல்ல, தைரியமா இறங்கலாம்" என்பது ஏன் தப்பு?

கடற்கரைக்குப் போகிறவர்கள் ஆபத்தை அளப்பது அலையை வைத்துத்தான். பெரிய அலை என்றால் பயம், சின்ன அலை என்றால் தைரியம். தரைக்காற்று நாளில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

காற்றால் அலை உருவாக அந்தக் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நிலத்திலிருந்து காற்று புறப்படும்போது கரையோரத் தண்ணீரில் அதற்கு ஓட இடமே கிடைத்திருக்காது. அதனால் கரை அருகே நீர் பளிங்கு மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே காற்று அலைகளைக் கிளப்பியிருக்கும். ஆனால் அந்த அலைகளும் கடலை நோக்கியே ஓடுவதால் கரையில் நிற்பவருக்கு அவற்றின் முதுகு மட்டும்தான் தெரியும், உயரம் தெரியாது.

காற்றின் வேகமும் இப்படித்தான் ஏமாற்றும். கட்டடம், மரம், கன்டெய்னர் அடுக்கு, தொழிற்சாலைச் சுவர் எல்லாம் காற்றைத் தடுத்து உடைக்கின்றன. கரையில் நிற்பவருக்கு லேசாக, விட்டுவிட்டு வீசுவது போலத் தோன்றும். கடலுக்குள் போகப்போகத் தடை இல்லாததால் வேகம் கூடும். கரையில் இதம், உள்ளே பலம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காற்றடைத்த டியூபில் இருப்பவரைக் காற்று மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்தில் அவர் கரையிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார். சாதாரணமாக நீந்தத் தெரிந்த ஒருவர் மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் நீந்துவதே பெரிது. அவர் முழு மூச்சாகக் கரையை நோக்கிக் கை கால் அடித்தாலும் இருந்த இடத்திலேயேதான் இருப்பார்.

பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ, காற்றடைத்த மிதவைகள் நீச்சல் குளத்துக்குத்தான், கடற்கரைக்கு அல்ல என்று கோடைதோறும் எச்சரிப்பது இதனால்தான். பல நாடுகளில் கடலை நோக்கிக் காற்று வீசும் நாட்களில் கடற்கரையில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பையைக் கம்பத்தில் ஏற்றிவிடுவார்கள். இன்று மிதவையோடு இறங்காதே என்பது அதன் அர்த்தம்.

கைட்சர்ஃபிங்கில் இது ஏன் முதல் எச்சரிக்கை?

கைட்சர்ஃபிங்கில் பட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவே 20 முதல் 25 மீட்டர் நீளக் கயிறுகள் இருக்கும். பட்டம் காற்றைப் பிடித்து இழுக்க, பலகை மேல் நிற்பவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. பந்தயங்கள் மார்செய் நகரக் கடலில் நடந்தன.

தரைக்காற்றில் இதன் சிக்கல் இரட்டிப்பு. கட்டடங்களில் மோதி உடைந்து வரும் காற்று சீராக இருக்காது. திடீரென்று பலமாக இழுக்கும், திடீரென்று நின்றுபோகும். நின்ற நொடியில் பட்டம் தண்ணீரில் விழும். அதை மறுபடி எழுப்ப ஓரளவு சீரான காற்று வேண்டும். காற்றுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஆள் கடலுக்குள் நகர்ந்துகொண்டே இருப்பார். எழுப்ப முடியவில்லை என்றால், விழுந்து கிடக்கும் அந்தப் பட்டமே பாய் மாதிரி காற்றை வாங்கி அவரை இன்னும் வேகமாக இழுத்துப்போகும்.

பக்கவாட்டுக் காற்றில் கயிறு அறுந்தாலோ பலகை தொலைந்தாலோ அது எரிச்சல் தரும் விஷயம், அவ்வளவுதான். தரைக்காற்றில் அதே சின்னக் கோளாறு உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

அப்படியானால் ராமேஸ்வரத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் கைட்சர்ஃபிங் என்றால் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும்தான் முதலில் நினைவுக்கு வரும். இலங்கையில் கற்பிட்டி. இந்த இடங்களில் காற்று பலமாக வீசுவது மட்டும் காரணம் இல்லை, நில அமைப்பும் கைகொடுக்கிறது.

ராமேஸ்வரம் ஒரு தீவு. கோடையில் தெற்கு, தென்மேற்கிலிருந்து காற்று வரும், குளிர்காலத்தில் வடக்குப் பக்கமிருந்து வரும். ஒரு கரை சரிப்படாவிட்டால் இன்னொரு கரைக்குப் போகலாம். கற்பிட்டியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே குறுகலான நிலம் இருக்கிறது. கடலிலிருந்து வரும் காற்று அந்த நிலத்தைத் தாண்டிக் களப்புக்குள் வீசும். கணக்குப்படி அதுவும் நிலத்திலிருந்து தண்ணீருக்கு வீசும் காற்றுதான். ஆனால் களப்புக்கு மறுகரை இருக்கிறது. அடித்துக்கொண்டு போனாலும் ஏதோ ஓரிடத்தில் கால் ஊன்றலாம்.

ஆக, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதோடு, அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். வடசென்னையிலிருந்து நேர் கிழக்கே அடுத்த நிலம் அந்தமான் தீவுகள். இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான வங்காள விரிகுடா.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை: இந்தக் கரையின் தனிச் சிக்கல்

வடசென்னைக் கரை மெரினா மாதிரியோ கோவளம் மாதிரியோ இல்லை. தெற்கே சென்னைத் துறைமுகம், அதை ஒட்டி காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வடக்கே எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம், அதற்கப்பால் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். துறைமுகங்களுக்கு வெளியே எப்போதும் சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் நங்கூரமிட்டுக் காத்திருக்கும்.

இங்கே கடலுக்குள் அடித்துச் செல்லப்படும் ஒருவர் வெறும் தண்ணீருக்குள் போவதில்லை, கப்பல் பாதைக்குள் போகிறார். பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து தண்ணீரில் மிதக்கும் ஒரு தலையைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். பார்த்தாலும் அந்தக் கப்பலைச் சட்டென்று நிறுத்தவோ திருப்பவோ முடியாது.

சரி, கரைப்பக்கம் தள்ளும் காற்று என்றால் பாதுகாப்பா? அதுவும் இங்கே முழுசாக இல்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் ராயபுரத்துக்கு வடக்கே பல பத்தாண்டுகளாகக் கடல் அரிப்பு நடக்கிறது. அதைச் சமாளிக்கக் கரை நெடுகப் பாறைக் கற்கள் கொட்டப்பட்டன, கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. மணல் கரையில் வந்து விழுந்தால் எழுந்து நடக்கலாம். பாறை மேல் அலை தூக்கிப் போட்டால் அப்படி முடியாது.

காற்று இங்கே என்ன செய்யும் என்பதை வடசென்னை நேரில் பார்த்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அது வடகிழக்குக் காற்றின் காலம். எண்ணெய் எண்ணூரில் தொடங்கி மெரினாவையும் தாண்டிக் கரை ஒதுங்கியது. வாளி வாளியாக அள்ளினார்கள். காற்று கரைப்பக்கம் தள்ளினால் கடலில் உள்ளது ஊருக்கு வரும். எதிர்ப்பக்கம் தள்ளினால் ஊரில் உள்ளது கடலுக்குப் போகும்.

காசிமேட்டிலிருந்து மியான்மர் வரை

அப்படிப் போனது மனிதர்களாக இருந்தால்? 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் 10 மீனவர்கள் கடலுக்குச் சென்றார்கள். திரும்பி வர வேண்டிய தேதியில் வரவில்லை. குடும்பங்கள் காத்திருந்தன, தேடுதல் நடந்தது, தகவல் இல்லை. 50 நாட்களுக்கும் மேலான பிறகு, செப்டம்பரில், அவர்கள் மியான்மர் கடல் பகுதியில் இருப்பது தெரியவந்தது. எஞ்சின் பழுதாகிப் படகு தன்போக்கில் நகர்ந்து போயிருந்தது.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். மேற்கு, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள். சென்னையிலிருந்து அந்தக் காற்றும் அதோடு சேர்ந்து ஓடும் நீரோட்டமும் தள்ளும் பக்கத்தில்தான் மியான்மர் இருக்கிறது. கைட்சர்ஃபிங் வகுப்பில் சொல்லும் எச்சரிக்கையும் காசிமேட்டுப் படகுக்கு நடந்ததும் ஒரே பாடம்தான். சொந்தமாக நகரும் சக்தி போய்விட்டால், போகும் இடத்தைக் காற்றே முடிவு செய்யும்.

புயல் நேரத்தில் திசை ஏன் மாறுகிறது?

வங்கக் கடல் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புயல் சென்னைக்குக் கிழக்கே இருந்தால் இங்கே வடக்கிலிருந்து காற்று வரும். அது வடக்கே நகர நகர, சென்னையில் காற்று வடமேற்குக்கும் மேற்குக்கும் திரும்பும். அதாவது தரைக்காற்று ஆகிவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் "புயல் ஆந்திரா பக்கம் போயிடுச்சு, நமக்கு ஒண்ணும் இல்ல" என்ற எண்ணம் வருவது இயல்பு. மழை குறைந்திருக்கலாம். ஆனால் சின்ன மிதவையோ படகோ எடுத்துக்கொண்டு இறங்குபவரைக் கடலுக்குத் தள்ளும் காற்று அதன் பிறகும் கொஞ்ச நேரம் வீசிக்கொண்டிருக்கும்.

எச்சரிக்கையில் வேகம் வருகிறது, திசை?

வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தொடர்ந்து வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய கணிப்புகளைத் தருகிறது. ஆனால் மக்களிடம் செய்தியாக வந்து சேரும்போது பெரும்பாலும் வேகம் மட்டுமே மிஞ்சுகிறது: "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்." எந்தப் பக்கமிருந்து என்பது விட்டுப்போகிறது. கடலில் குளிக்கப் போகிறவருக்கு வேகத்தைவிடத் திசை முக்கியம். கரைக்குத் தள்ளும் 30 கிலோமீட்டர் காற்றைவிடக் கடலுக்குத் தள்ளும் 20 கிலோமீட்டர் காற்று அவருக்கு ஆபத்தானது.

எண்ணூர், மணலிவாசிகளுக்குத் திசை பார்க்க வேறு கருவி தேவையில்லை, புகைபோக்கி இருக்கிறது. புகை கடலை நோக்கிப் போனால் தரைக்காற்று. ஆனால் கடல் காற்று தொடங்கும் நேரத்தில் உயரத்தில் ஒரு திசையும் தரையில் வேறு திசையும் இருக்கலாம். அதனால் படகில் கட்டிய கொடியையும் பார்த்துக்கொள்வது நல்லது. எதுவும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி உலர்ந்த மணலைத் தூவினால் போதும். கடல் பக்கம் பறந்தால் டியூபைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அடித்துச் செல்லப்பட்டால் என்ன செய்வது?

* பிடித்திருக்கும் மிதவையை, பலகையை, படகை விடக் கூடாது. மிதக்கும் பொருளோடு இருப்பவரைத் தேடுபவர்கள் கண்டுபிடிப்பது சுலபம். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று விட்டுவிட்டு நீந்துவதுதான் பெரிய தவறு.

* காற்றை எதிர்த்து மல்லுக்கட்டிச் சோர்ந்துபோகக் கூடாது. கையை உயர்த்தி அசைத்து உதவி கேட்க வேண்டும். வடசென்னையில் கரையோரம் மீன்பிடிப் படகுகள் நடமாடிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது அவர்கள்தான்.

* எஞ்சின் நின்ற படகு என்றால், ஆழம் குறைவாக இருக்கும்போதே நங்கூரம் போட வேண்டும். சரிசெய்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் எஞ்சினோடு போராடிய பிறகு பார்த்தால் கயிறு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும்.

* சென்னைக் கடல் நீர் வெதுவெதுப்பானது. ஐரோப்பாவில் மாதிரி குளிர் உடனே ஆளைக் கொல்லாது. இங்கே எதிரி வெயிலும் தாகமும். தலையை மூடிக்கொள்ள வேண்டும், கடல் நீரைக் குடிக்கக் கூடாது.

* கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஆள் மீது வைத்த கண்ணை எடுக்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் உடனே போன் செய்ய வேண்டும். கடலோரக் காவல் படையின் தேடுதல் மீட்பு எண் 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. பொது அவசர எண் 112. கடைசியாகப் பார்த்த இடம், நேரம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, என்ன நிறச் சட்டை என்ற நான்கு தகவலும் தேடும் பரப்பைப் பெருமளவு குறைக்கும்.

மீனவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவியும் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகப் படகு இருக்கும் இடத்தைச் சொல்லும். புதிய வகைக் கருவியில் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற பதிலும் திரும்பி வரும். காசிமேட்டுக் குடும்பங்கள் 2020-ல் 50 நாட்களுக்கு மேல் காத்திருந்தது அந்த ஒரு தகவலுக்காகத்தான்.

கடற்கரையில் ஒரு கம்பம், அதில் ஒரு ஆரஞ்சுக் காற்றுப்பை. வானிலைச் செய்தியில் வேகத்தோடு சேர்த்து "இன்று கடலுக்குத் தள்ளும் காற்று" என்று ஒரு வரி. இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. திருவொற்றியூரில் டியூபோடு இறங்கும் பிள்ளைக்கு அன்றைய கடல் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.